எப்போது வாய் திறப்பீர்கள்?

செர்ரிப் பழம் வைத்துக்கொண்டிருக்கும்போது எனக்கு மாரடைப்பு வந்தது. வந்தது என்றுதான் நான் நினைத்தேன்.

ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சன் நகரத்தில் ஒரு கேக் தொழிற்சாலையில் எனக்கு வேலை. வெள்ளைக் கிறீம் பூசிய கேக்குகள் ஓடும் இயந்திரப் பட்டியில் வரிசையாக ஊர்ந்து வரும். என் முன்னால் வந்ததும் தலையில் செர்ரி வைத்து அனுப்ப வேண்டும். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவனை நம்பி இந்த நாடு ஒப்படைத்த பொறுப்பு அதுதான். நானும் குறை சொல்ல இடமில்லாமல் வைத்து வந்தேன்.

அன்று ஒரு கேக் செர்ரி இல்லாமலே என்னைக் கடந்து போனது. பிறகு இன்னொன்று போனது. கை எழும்பவில்லை. நெஞ்சுக்குள் யாரோ பூட்டிய கதவைத் தட்டுவதுபோல அடித்தது. விரல்கள் விறைத்தன. மூச்சு உள்ளே போன பிறகு வெளியே வரும் வழியை மறந்துவிட்டது. பக்கத்தில் நின்ற பெண் கத்திப் பட்டியை நிறுத்துவதற்குள் ஒரு ஊர்வலமே மொட்டைக் கேக்காகப் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் ஈ.கே.ஜி. (இதயத் துடிப்பைக் கோடாக வரைந்து காட்டும் சோதனை) எடுத்தார்கள். இரத்தமும் எடுத்தார்கள். நடைபாதையில் தள்ளுகட்டிலில் கிடந்தபடி, என் சைக்கிளை யாருக்குக் கொடுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இளம் டொக்டர் ஒருவர் வந்தார். அவர் டொச்சில் (ஜெர்மன் மொழியில்) சொன்னதை என் தமிழில் தருகிறேன். ஆகவே இந்தக் கட்டுரையில் வெள்ளைக்காரர் எல்லோரும் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்கள் மாதிரித்தான் கதைப்பார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

"உங்கட இதயத்தில ஒரு பிழையும் இல்லை. குதிரையின்ர இதயம்" என்றார் டொக்டர்.

"அப்ப குதிரை ஏன் விழுந்தது?" என்று கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "இது பனிக் அட்டாக்" என்றார். (திடீர்ப் பீதி. ஒன்றும் நடக்காத இடத்தில், ஏதோ நடந்துவிட்டது என்று உடம்பு தானாக அபாயச் சங்கு ஊதுவது.) "திரும்பவும் வரலாம். கதைக்க ஒராளைத் தேடுங்கோ" என்றார்.

எனக்குக் கதைக்க ஆள் தேட வேண்டுமாம். வாய் மூடாதவன் என்று வீட்டிலும் வேலையிலும் கோயிலிலும் பெயர் எடுத்தவன் நான்.

அம்மா அதைக் கண்ணூறு என்று முடிவுகட்டினார். கெவலாரில், நாங்கள் யாத்திரை போகும் தேவாலயத்து மாதாவுக்கு என் உயரத்தில் ஒரு மெழுகுதிரி நேர்ந்தார். அந்த உயரத்தில் மெழுகுதிரி கிடைக்காததால், என்னைக் கொஞ்சம் குனிந்து நிற்கச் சொன்னார்.

பீதி திரும்ப வந்தது. ட்ராமில் வந்தது. பூசையில் பிரசங்கத்தின் நடுவில் வந்தது. வந்த இடங்களுக்கெல்லாம் போவதை நிறுத்தினேன். கடைசியில் வீடும் தொழிற்சாலையும்தான் மிஞ்சின. எங்கள் குடும்ப டொக்டர் ஒரு உளச்சிகிச்சையாளரிடம் (மருந்தால் அல்லாமல் பேச்சால் மருத்துவம் செய்பவர்) அனுப்பினார். வீட்டில் மூச்சு விடவில்லை. பின்னேரம் டொச் படிக்கப் போகிறேன் என்றேன். அம்மாவுக்கு மகன் உருப்படுகிறான் என்ற சந்தோசம். ஒவ்வொரு முறையும் வாழைப்பழம் தந்து அனுப்பினார்.

சிகிச்சையாளர் பெயர் பிராவ் (திருமதி) லின்ட்னர். பெயரை மாற்றித்தான் எழுதுகிறேன். வயது போனவர், காலில் தடித்த கம்பளிக் காலுறை. நான் கதிரையில் இருக்கும் முன்பே அவர் ஒரு சொல்லைச் சொன்னார். ஷ்வைகப்ஃப்லிக்ட். உச்சரிக்கவே பல்லில் பலம் வேண்டும். மௌனக் கடமை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"நீங்கள் இங்க சொல்லுறது இந்த அறைக்குள்ளதான்" என்றார். "அம்மாவுக்குச் சொல்ல மாட்டன். வேலை இடத்துக்குச் சொல்ல மாட்டன். காப்புறுதிக்காரருக்கு நோயின்ர பேர் போகும், நீங்கள் சொன்ன கதை போகாது."

"ஒருத்தருக்குமே சொல்ல மாட்டியளோ?"

"ஒரு இடம் இருக்கு. உங்கட உயிருக்கோ வேற ஒராளின்ர உயிருக்கோ உண்மையா ஆபத்து எண்டால், வாய் திறப்பன். அதையும் முதல்ல உங்களுக்குச் சொல்லிப்போட்டுத்தான் திறப்பன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஆட்களின் மௌனக் கடமையை அவருக்கு விளக்கினேன். எங்களுக்குள் ஒரு செய்தி பரவ வேண்டுமென்றால், "உங்களுக்கு மட்டும் சொல்லுறன், ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ" என்று தொடங்க வேண்டும். அப்படித் தொடங்காத செய்தி பக்கத்து ஊரான எசன் வரைகூடப் போகாது. அப்படித் தொடங்கியது கனடா போய்விட்டு மறுநாளே எங்கள் வீட்டுக்குத் திரும்பி வரும்.

"நாங்கள் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டம் எண்டு சத்தியம் பண்ணிப்போட்டு எல்லாருக்கும் சொல்லுவம். நீங்கள் சொல்லுவன் எண்டு முதலே சொல்லுறியள். ஆரை நம்பிறது?" என்றேன்.

"போகப் போகப் பாருங்கோ" என்றார்.

அடுத்தடுத்த சந்திப்புகளில் ஒன்றுக்குப் பிந்திப் போனேன். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார். "சாகலாம் போல கிடக்கு" என்றேன். ட்ராம் பிந்தினால் எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்வதைத்தான் சொல்லுக்குச் சொல் டொச்சில் மாற்றினேன்.

பிராவ் லின்ட்னர் பேனையை மேசையில் வைத்தார்.

"எப்ப இருந்து இப்பிடி இருக்கு?"

"ஸ்ரேசனில இருந்து."

"அதுக்கு ஏதும் திட்டம் வைச்சிருக்கிறியளோ?"

"ட்ராம் பிந்தினதுக்கு நான் என்ன திட்டம் வைக்கிறது? நகரசபைக்காரரைக் கேளுங்கோ."

இரண்டு பேரும் இரண்டு விசயம் கதைக்கிறோம் என்று விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு நான் வகுப்பு எடுத்தேன். அம்மா சோறு குழைந்தால் செத்துப்போவார். பக்கத்து வீட்டு அக்காவின் சீலை விலை கேட்டால் இன்னொரு முறை செத்துப்போவார். என் அக்கா வெட்கத்தில் சாவாள். நான் பகிடி விட்டால் எல்லோரும் சேர்ந்து சிரித்துச் சாவார்கள். எங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு நாலைந்து சாவு விழும். பின்னேரம் எல்லோரும் உயிரோடு இருந்து தேத்தண்ணி குடிப்போம்.

அவர் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். "அப்ப தமிழ்ச் சாவு எண்டு ஒண்டு இருக்கு, மற்றச் சாவு எண்டு ஒண்டு இருக்கு" என்றார். "எனக்கு வித்தியாசம் தெரியாது. அதாலை ஒவ்வொரு முறையும் கேப்பன்."

சொன்னபடியே கேட்டார். நான் எப்போது சாவை இழுத்தாலும், "எந்தச் சாவு?" என்பார். "தமிழ்ச் சாவுதான், பிராவ் லின்ட்னர்" என்பேன். எங்களுக்குள் அது ஒரு விளையாட்டாகிவிட்டது.

கொஞ்சக் காலத்தில், கோயிலுக்கு வரும் ஒரு அம்மா நான் பிராவ் லின்ட்னரின் கட்டடத்துக்குள் நுழைவதைப் பார்த்துவிட்டார். வாசலில் தொங்கிய பெயர்ப்பலகையையும் வாசித்துவிட்டார். என் அம்மாவுக்கு மட்டும் சொல்வதாகச் சொல்லி, போகிற வழியில் எல்லோருக்கும் மட்டும் சொன்னார்.

நான் வேலை முடிந்து வந்தபோது குசினியில் அம்மாவும் அக்காவும் இருந்தார்கள். அக்கா கலியாணம் செய்து எசனில் இருக்கிறாள். முதியோர் இல்லத்தில் தாதி வேலை. அவள் கிழமை நாளில் வந்திருக்கிறாள் என்றால் ஏதோ விசாரணைதான்.

"விசருக்குப் பாக்கிற டொக்டரிட்டப் போறியாம். உண்மையோ?" என்று அம்மா தொடங்கினார். நான் வாய் திறக்கும் முன் அவரே பதிலும் சொன்னார். "நான் அக்காவைக் கொண்டு அங்க போன் எடுத்துக் கேட்டனான். அந்த மனுசிக்கு உன்னைத் தெரியவே தெரியாதாம்! எனக்கு வந்து சொன்னவவுக்கு வேற வேலை இல்லை, ஊரில பொய் பரப்பிக்கொண்டு திரியிறா."

"தெரியாதெண்டு சொல்லேல்லை அம்மா" என்றாள் அக்கா. "வாறாரோ வாறேல்லையோ எண்டு சொல்ல ஏலாதெண்டுதான் சொன்னவ."

"ரெண்டும் ஒண்டுதானே?"

"ஒண்டில்லை."

"எனக்கு ஒண்டுதான்" என்று அம்மா சோற்றைப் போட்டார்.

அக்கா மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து என்னைப் பார்த்தாள். மௌனக் கடமை அவளுக்கும் தொழில். அப்பளத்தை மட்டும் என் பக்கம் தள்ளினாள்.

அன்றிலிருந்து நான் பிராவ் லின்ட்னரை நம்பினேன். அம்மாவின் விசாரணையில் பொலிஸ்காரர்களே உண்மையைக் கக்குவார்கள். இந்த மனுசி தப்பிவிட்டார். அதற்குப் பிறகுதான் உள்ளே கிடந்ததை எடுத்து வெளியே வைக்கத் தொடங்கினேன். என்ன கிடந்தது என்று கேட்பீர்கள். கேட்டுக்கொண்டே இருங்கள். அது அவருக்கும் எனக்கும் இடையில்.

பீதி குறைந்தது. அது வந்தால் எதிர்த்துப் பிடிக்காமல், வந்த விருந்தாளி தானாக எழும்பிப் போகும்வரை இருக்க விடப் பழகினேன். திரும்பவும் ட்ராமில் ஏறினேன். செர்ரி எல்லாம் ஒழுங்காகத் தலையில் ஏறியது.

ஆனால் பீதி எழும்பிப் போன கதிரையில் இன்னொன்று வந்து குந்தியது. டெப்ரெசியோன் (மனச்சோர்வு). இதைக் கவலை என்று நினைக்காதீர்கள். கவலைப்படக்கூட உள்ளே ஆள் இல்லாத நிலை அது. குளிர்காலம் வந்தது. சாப்பாடு கடதாசி மாதிரி இருந்தது. படுத்தாலும் எழும்பினாலும் ஒரே களைப்பு.

யாருக்கும் தெரியவில்லை. பகிடி மட்டும் நிற்கவில்லையே. முகம் தன் பாட்டில் பகிடி விட்டுக்கொண்டிருக்கும், நான் எங்கோ தூரத்தில் நிற்பேன். பகிடிக்காரருக்கு இந்த நோய் வந்தால் உள்ள ஆபத்து இதுதான். சிரிப்பவனின் கையைப் பிடித்து யாரும் நாடி பார்ப்பதில்லை.

ஒரு சந்திப்பில் என் தோல் ஜாக்கெட்டை வேலையில் ஒருவனுக்குச் சும்மா கொடுத்துவிட்ட கதையைச் சொன்னேன். அவனுக்கு அது முழங்கால் வரை தொங்கியது என்று நடித்தும் காட்டினேன். கைத்தொலைபேசியையும் இன்னொருவனுக்குக் கொடுப்பதாகப் பேசி வைத்திருக்கிறேன் என்றேன். பிராவ் லின்ட்னர் சிரிக்கவில்லை. அவர் சிரிக்காததால் வழக்கமான சரக்கை எடுத்துவிட்டேன்.

"சாகலாம் போல கிடக்கு, பிராவ் லின்ட்னர்."

"எந்தச் சாவு?"

பதில் நாக்கு நுனியில் இருந்தது. எத்தனையோ முறை சொன்ன பதில். ஒரு சொல்தான். தமிழ். அதைச் சொன்னால் அவர் தலையாட்டுவார், நான் வெளியே போய்விடலாம்.

வரவில்லை. என் சொந்த மொழியின் பெயர் எனக்கு வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஒருவர் காரின் கண்ணாடியில் உறைபனி சுரண்டிக்கொண்டிருந்த சத்தம் மட்டும் கேட்டது.

அவர் நேராகக் கேட்டார். நான் நேராகச் சொன்னேன். இன்று வீட்டுக்குப் போனால் நாளைக்கு இருப்பேன் என்று வாக்குத் தர முடியுமா என்று கேட்டார். முடியாது என்றேன். அதைச் சொன்னபோது என் குரலில் பகிடி இருக்கவில்லை. அதை நானே அன்றுதான் முதல் தடவை கேட்டேன்.

"அப்ப நான் வாய் திறக்கவேண்டிய இடம் வந்திட்டுது" என்றார் பிராவ் லின்ட்னர்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன் எண்டனீங்கள்!"

"இதையும் சேர்த்துத்தான் சொன்னனான். முதல் நாளே."

"அம்மாவுக்குச் சொன்னியளெண்டால் அவ செத்துப்போவா."

"எந்தச் சாவு?" என்று அவர் கேட்டார். அந்த நேரத்திலும் கேட்டார். என் தோள் இரண்டும் கொஞ்சம் இறங்கின.

"ஆருக்குச் சொல்லலாம் எண்டு நீங்களே தெரிவு செய்யுங்கோ. ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாம் எண்டு மட்டும் தெரிவு செய்ய ஏலாது. நீங்களே போன் எடுத்தால் இன்னும் நல்லம். நான் பக்கத்தில இருக்கிறன்."

அக்காவுக்கு எடுத்தேன். "அக்கா, நான் அந்த இடத்தில நிக்கிறன்" என்றேன். எந்த இடம் என்று அவள் கேட்கவில்லை. "அசையாமல் நில். வாறன்" என்றாள்.

வேலை உடுப்போடு வந்தாள். வெள்ளைச் செருப்பைக்கூட மாற்றவில்லை. அந்தச் செருப்போடு பனியில் வழுக்கி வழுக்கி வந்ததை ஜன்னலால் பார்த்தேன்.

பிராவ் லின்ட்னர் அவளிடம் சொன்னதை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். என் உயிருக்கு இப்போது ஆபத்து இருக்கிறது என்றார். என்னைத் தனியே விடக்கூடாது என்றார். இன்றே கிளினிக்குக்குப் போக வேண்டும் என்றும், இடம் கேட்டு வைத்திருப்பதாகவும், நானும் வரச் சம்மதித்துவிட்டதாகவும் சொன்னார். அவ்வளவுதான்.

அக்கா என்னைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். "ஏன்? என்ன நடந்தது இவனுக்கு?"

"அதை நான் சொல்ல ஏலாது" என்றார் பிராவ் லின்ட்னர். "அவருக்கு விருப்பமெண்டால் அவர் சொல்லுவார்."

அந்த நாள் முழுவதிலும் எனக்கு மறக்காத இடம் அதுதான். மாதக்கணக்காக நான் சொன்னது எல்லாம் அவரிடம் இருந்தது. கதவை முழுதாகத் திறந்துவிட்டிருக்கலாம். ஒரு ஆள் உள்ளே வந்து என் கையைப் பிடிக்கிற அளவுக்கு மட்டும் திறந்தார். அக்கா தலையாட்டினாள். பிறகு உண்மையாகவே என் கையைப் பிடித்தாள். சிறுபிள்ளையில் றோட்டுக் கடக்கும்போது பிடிக்கிற மாதிரி, மணிக்கட்டில்.

கிளினிக்கில் கிழமைக்கணக்காக இருந்தேன். மருந்து தந்தார்கள். அது உடனே வேலை செய்யாது என்று சொன்னார்கள், உண்மையாகவே செய்யவில்லை. முதலில் வாய் காய்ந்தது, பிறகு நித்திரை வந்தது. கடைசியாகத்தான் காலையில் எழும்புவதற்கு ஒரு காரணம் வந்தது. அந்தக் காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. பக்கத்துக் கட்டில் கிழவர் என்னிடம் சீட்டாட்டத்தில் கள்ளம் விட்டுக்கொண்டிருந்தார். அதைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டியிருந்தது.

அம்மாவுக்கு நானே சொன்னேன். அக்கா பக்கத்தில் நிற்க, கிளினிக் கன்ரீனில் வைத்துச் சொன்னேன். அம்மா கத்துவார் என்று கதிரையைச் சுவரோடு தள்ளிப் போட்டிருந்தேன். அவர் கத்தவில்லை.

"சாப்பிட்டியோ?" என்று கேட்டார்.

"ஓம்."

"என்ன சாப்பிட்டாய்?"

"உருளைக்கிழங்கு."

"அதுக்குத்தான் உனக்கு இந்த வருத்தம்" என்று சொல்லி, பையிலிருந்து புட்டை எடுத்தார். கரண்டியைச் சீலைத் தலைப்பால் துடைத்து என்னிடம் நீட்டினார். நான் அதைப் பகிடி பண்ணவில்லை. சாப்பிட்டேன். புட்டு புட்டு மாதிரியே இருந்தது.

பிறகு அக்கா சொல்லித்தான் தெரியும். என்னைக் கட்டடத்தில் கண்ட அந்தக் கோயில் அம்மா வந்து, மகனைக் காணவில்லையே, எனக்கு மட்டும் சொல்லுங்கோ என்று வளைத்திருக்கிறார். "அவன் வாறானோ வாறேல்லையோ எண்டு நான் சொல்ல ஏலாது" என்றாராம் அம்மா, முகத்தைத் தூக்கிக்கொண்டு. எங்கள் வட்டாரத்தில் ஒரு செய்தி ஒரு இடத்தில் நின்றது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

பிராவ் லின்ட்னரிடம் திரும்பப் போக எனக்குக் காலம் எடுத்தது. உயிர் பிழைத்தவன் நன்றியோடு ஓடுவான் என்று நினைப்பீர்கள். நான் கோபத்தோடு போனேன். என் அனுமதி இல்லாமல் என் கதவில் கை வைத்தாரே என்று. அதையும் அவரிடமே சொன்னேன். கோபப்பட உங்களுக்கு உரிமை இருக்கு என்றார். அப்படி ஒரு நாள் திரும்ப வந்தால் திரும்பவும் செய்வன் என்றும் சொன்னார். பிறகு கதைக்கத் தொடங்கினோம். கோபம் எந்த நாளில் போனது என்று தெரியாது. ஒரு நாள் தேடிப் பார்த்தேன், இல்லை.

இதை வாசிக்கும் யாரோ ஒருவர், அப்படி ஒரு அறை வாசலில் இப்போது நிற்கலாம். உங்களுக்கு நான் ஒன்றுதான் சொல்வேன். முதல் நாளே அவரிடம் கேளுங்கள், நீங்கள் எப்போது வாய் திறப்பீர்கள் என்று. தெளிவாகப் பதில் சொல்பவரிடம் இருங்கள். ஒருபோதும் திறக்க மாட்டேன் என்பவரை நான் நம்ப மாட்டேன். அப்படிச் சொல்பவர்கள் எனக்குக் கோயிலிலேயே போதிய அளவு இருக்கிறார்கள். நாளைக்கு இருப்பேன் என்று உங்களால் இன்று வாக்குத் தர முடியவில்லையென்றால், இந்தக் கட்டுரையை மூடிவிட்டு ஒருவருக்குப் போன் எடுங்கள். கட்டுரை எங்கும் ஓடாது.

இப்போது உடம்போடு எனக்கு வேறு மாதிரி உறவு. படி ஏறும்போது நெஞ்சு அடித்தால், அடிக்கட்டும் என்று விடுகிறேன். அது ஊதும் சங்கு எல்லாம் எனக்கு எதிரானதல்ல என்று பிந்தித்தான் விளங்கியது. மருந்து இன்னும் குடிக்கிறேன். கூச்சமில்லை. செர்ரி வைக்கும் வேலையிலிருந்து கிறீம் பூசும் வேலைக்குப் பதவி உயர்வும் கிடைத்திருக்கிறது.

போன கிழமை பல்வலி என்று பல் டொக்டரிடம் போனேன். பார்த்துவிட்டு, ஒரு பல் சொத்தை, இப்போதைக்கு அடைத்துவிடுகிறேன், பிறகு வடிவாகச் செய்ய வேண்டும் என்றார். மேசையில் இருந்த பெண் ரெமின் (முன்கூட்டியே குறித்துத் தரும் நேரம்) தேடினாள்.

"மார்ச்சிலதான் இடம் இருக்கு. கனகாலம் என்ன?" என்றாள்.

இலையுதிர்காலம் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. போன குளிரில் யாராவது மார்ச் என்று சொல்லியிருந்தால், மற்ற ஆட்களுக்கு வரும் மாதம் ஒன்றின் பெயரைச் சொல்கிறார்கள் என்று நினைத்திருப்பேன்.

"காலமையோ பின்னேரமோ?" என்று கேட்டேன்.

"காலமை."

"பின்னேரம் இல்லையோ? காலமையில எனக்கு நித்திரை போகாது."

அவள் இன்னும் தள்ளிப் பார்த்து, மார்ச் கடைசியில் ஒரு பின்னேரம் பிடித்துத் தந்தாள். வெளியே வந்து ட்ராமுக்கு நடக்கும்போதுதான் நான் செய்த காரியம் எனக்கு விளங்கியது. மார்ச் கடைசியில் எனக்கு ஒரு சொத்தைப் பல் இருக்கப்போகிறது. அதைச் சுற்றி நானும்.